இடது கார்னர்

கபடியில் கைதட்டல் எப்போதும் ரைடு போகிறவனுக்குத்தான். தொட்டுவிட்டு ஓடி வந்து, நடுக்கோட்டைத் தாண்டித் தொடையைத் தட்டுகிறானே, அவன் பெயரைத்தான் மைக்காரர் மூன்று தடவை சொல்வார். சொல்லட்டும். ஆனால் எழுமலைப் பக்கம் இளவட்டங்களின் ஆட்டம் பார்க்கப் போனால் என் கண் போகிற இடம் வேறு. எதிர்க்களத்தின் ஓரத்தில், கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், முழங்காலை மடித்துக் கைகளைத் தாழ்த்திக்கொண்டு ஒருவன் நிற்பான். இடது கார்னர். ஆட்டத்தின் நயமெல்லாம் அவன் கால்மாட்டில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி.

மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பேரையூர் வட்டத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் எழுமலை. உசிலம்பட்டி ஒரு பக்கம், பேரையூர் ஒரு பக்கம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பொங்கல் வந்தாலும் கபடி, கோயில் கொடை வந்தாலும் கபடி. போட்டி நோட்டீஸில் வயதைவிட எடைதான் பெரிய எழுத்தில் இருக்கும்: 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ. மதியமே தராசு வைத்து எடை பார்த்து எடுப்பார்கள். அரைக்கிலோ கூடிப்போன பையன் மைதானத்தைச் சுற்றி ஓடி வியர்வை சிந்திவிட்டு மறுபடி தராசில் ஏறுவான். ஆட்டம் என்னவோ ராத்திரிதான்.

களம் போடுவது தனி வேலை. காய்ந்த கரிசல் கட்டாந்தரையாகிவிடும். விழுந்தால் முழங்கை தோலோடு போகும். நனைந்தாலோ காலோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் கொத்திக் கிளறி, கல்லும் முள்ளும் பொறுக்கி, வேறு மண் கொட்டிப் பரப்பி, சாயங்காலம் தண்ணீர் தெளிப்பார்கள். புழுதி அடங்க வேண்டும், கால் வழுக்கக் கூடாது. அந்தப் பதம் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார். அவர் வெறுங்காலால் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு ‘சரி’ என்ற பிறகுதான் சுண்ணாம்புக் கோடு விழும்.

அந்தக் கோடுகளைக் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிட்டால் மற்றது புரியும். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அகலத்தில் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் லாபிக்குப் போய்விட, ஆரம்பத்தில் ஆடக் கிடைப்பது 8 மீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்தின் ஆழம் ஆறரை மீட்டர். 3.75 மீட்டரில் பால்க் கோடு. ரைடர் அதை ஒரு முறையாவது தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அவனே அவுட். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே மிஞ்சுவது ஒன்றே முக்கால் மீட்டர். கார்னர்களின் சொத்து அவ்வளவுதான். பின்னால் ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே வைத்தாலும் அவுட். முன்னால் போனால் தனியாக மாட்டிக்கொள்வான். அந்த ஒன்றே முக்கால் மீட்டரில் அவன் வாழ வேண்டும்.

ரைடருக்கு 30 விநாடி. நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே ‘கபடி கபடி’ என்ற பாட்டு வாயில் இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வேகம் காட்டுகிறவன் பெரும்பாலும் கத்துக்குட்டி. தேர்ந்த பையன் சோம்பலாகப் போவான். அரை அடி, அரை அடியாக எட்டு வைப்பான். உடம்புக் கனம் முன்பாதத்தில் இருக்கும், குதிகால் தரையைத் தொட்டதும் தொடாததுமாக இருக்கும். பார்வை நடுவில் நிற்கும் கவர்மீது. நினைப்பு ஓரத்தில் நிற்கும் கார்னர்மீது. கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் அவனுக்கு முன்னால் அவன் நிழல் பால்க் கோட்டைத் தாண்டிப் போய் வரும். புதிதாகக் கார்னர் நிற்கிற பையன் அந்த நிழல் அசைந்ததற்கே ஒரு துள்ளு துள்ளுவான். ரைடர் அதைப் பார்த்துவிட்டான் என்றால் கதை முடிந்தது. அடுத்த ரைடில் அவன் குறி அந்தத் துள்ளல்தான்.

இனி போனஸ். இந்த விதியை எழுதியவருக்கு ஒரு மாலை போடலாம். களத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது ரைடர் ஒருவரையும் தொடாமலே ஒரு புள்ளி எடுக்கலாம். அதற்கு ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், அந்த நேரத்தில் மற்றக் கால் தரையில் இருக்கக் கூடாது. அதாவது புள்ளி வேண்டுமென்றால் ஒற்றைக் காலில் நின்றாக வேண்டும். கார்னருக்கோ கணுக்காலைப் பிடிக்க ரைடரின் ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒருவன் பலம் கூடுகிற கணமும் அவன் பலவீனம் தெரிகிற கணமும் ஒன்றாகவே வருகின்றன. விரலை நொடிக்கிற நேரம்கூட இல்லை. அந்தக் கணத்தை ரைடர் தானே தேர்ந்தெடுக்கிறான், கார்னர் அது வரும்வரை காத்திருக்கிறான்.

போனஸ் எடுக்கத் தெரிந்த பையனின் காலைப் பாருங்கள். முன்கால் கோட்டுக்கு அப்பால் விழும்போதே இடுப்பு பின்னால் திரும்பியிருக்கும். தலையும் தோளும் நடுக்கோட்டுப் பக்கமே சாய்ந்திருக்கும். கால் மட்டும் போய்வரும், உடம்பு போகாது. தெரியாத பையனுக்குக் காலோடு நெஞ்சும் சேர்ந்து போகும். நெஞ்சு போய்விட்டால் திரும்ப ஓர் எட்டு கூடுதலாக வேண்டும். அந்த ஓர் எட்டுதான் கார்னரின் வருமானம்.

கால்விரலால் தொடுவது இன்னும் அழகு. ஒரு காலில் குந்தி, மற்றக் காலை நீட்டி, தரையோடு தரையாக வீசுவான். தோசையின் ஓரத்தைக் கரண்டியால் நெம்பிப் பார்க்கிற மாதிரி, எதிராளியின் பெருவிரலை அது லேசாகச் சீண்டிவிட்டு வந்துவிடும். தொட்டதா தொடவில்லையா என்று பாதி நேரம் நடுவருக்கே சந்தேகம். தொடப்பட்டவனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ஒத்துக்கொண்டு தானாகக் கையைத் தூக்கி வெளியேறுகிற பையன்களும் இருக்கிறார்கள், வானத்தைப் பார்க்கிற பையன்களும் இருக்கிறார்கள்.

அந்த நீட்டிய காலுக்குப் பதில்தான் ஆங்கிள் பிடி. கைகள் இரண்டும் ஒரே நேரத்தில் கணுக்காலைச் சுற்ற வேண்டும். ஒரு கை முந்தினால் கால் உருவிக்கொண்டு போகும். சுற்றிய கையை அங்கேயே வைத்திருந்தாலும் பயனில்லை. காலைத் தரையிலிருந்து தூக்கித் தன் நெஞ்சோடு அணைத்து, பின்னால் சாய வேண்டும். காலைப் பிடித்தவன் ரைடரை அடக்குவதில்லை. அவன் திரும்பும் வழியை இரண்டு விநாடி தாமதப்படுத்துகிறான். அந்த இரண்டு விநாடிக்குள் பக்கத்துக் கவர் வந்து இடுப்பில் விழ வேண்டும். வரவில்லையென்றால் ரைடர் காலோடு கார்னரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்விடுவான். புரோ கபடியில் டேக்கிள் புள்ளிகளில் எல்லோருக்கும் மேலே நிற்கும் ஈரான்காரர் ஃபாசல் அத்ராச்சலி இதே இடது கார்னரில் நின்றவர்தான். அவர் பிடிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால், பாய்கிற நேரத்தைவிடப் பாயாமல் இருக்கிற நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பாயாமல் இருப்பது. இளவட்ட ஆட்டத்தில் அபூர்வமாகக் கிடைப்பது இதுதான். பதினைந்து, பதினாறு வயதில் உடம்பு சொன்னபடி கேட்கும், மனசு கேட்காது. 55 கிலோப் பிரிவில் ஓர் ஆட்டம். எதிரணி ரைடர் ஒல்லிப் பையன், கைகால் எல்லாம் நீளம். முதல் ரைடில் இடது கார்னர் பக்கம் மூன்று எட்டு வைத்துவிட்டுச் சும்மா திரும்பினான். அடுத்த முறையும் அதே பக்கம், அதே மூன்று எட்டு, வெறுங்கை. கூட்டத்தில் சிரிப்பு. மூன்றாவது ரைடில் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவன் வெளியே. பிடிக்கிறவர்களுக்கும் அது தெரியும். மறுபடி அதே பக்கம் போனான். இரண்டாவது எட்டிலேயே கார்னர் பையன் பாய்ந்துவிட்டான். அவன் கை போய்ச் சேர்ந்த இடத்தில் கால் இல்லை. நீளக் கையால் அவன் முதுகைத் தட்டிவிட்டு, உதவிக்கு ஓடி வந்த கவரின் தோளையும் தட்டிவிட்டு, நடந்தே திரும்பினான் ஒல்லிப் பையன். இரண்டு புள்ளி. முதல் இரண்டு வெறும் ரைடுகளும் வெறும் ரைடுகள் அல்ல. ‘மூன்றாவது எட்டில் ஏதோ நடக்கும்’ என்று கார்னரின் கால்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ரைடுகள்.

ரைடரின் வேகத்துக்கு என்று விழுகிற புள்ளிகள் குறைவு. பிடிக்கிறவரின் அவசரத்துக்கு என்று விழுகிறவைதான் அதிகம். இளவட்ட ஆட்டத்தில் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடல் தாண்டி இன்னோர் ஆட்டத்திலும் இதே கணக்கு ஓடுகிறது. 1887இல் சிகாகோவில் பிறந்த சாஃப்ட்பால் நம் பள்ளி விளையாட்டுப் பட்டியலிலும் உண்டு. எழுமலையில் அதற்கு ஆள் சேர்ப்பது கஷ்டம், அது வேறு விஷயம். அதில் மட்டையடியைவிட எனக்குப் பிடித்தது தளம் விட்டுத் தளம் திருடி ஓடுவது. ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் 60 அடி. பந்து வீசுபவர் கையைவிட்டுப் பந்து கிளம்பும்வரை ஓடுகிறவர் தளத்தைவிட்டுக் காலை எடுக்கக் கூடாது. கிளம்பிய மறுகணம் இரண்டாம் தளத்துக்குப் பாய்ச்சல். பந்தைப் பிடிக்கும் கேட்சர் அதே மூச்சில் எழுந்து, களத்தின் குறுக்கே ஏறத்தாழ 85 அடி தூரத்துக்கு எறிய வேண்டும். நன்றாக ஓடுகிற சிறுமிக்கு அந்த 60 அடி மூன்று விநாடி, சொச்சம். பந்து வந்து, பிடித்து, எறிந்து, தொடுவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம். சிறார் ஆட்டத்தில் இந்தச் சமன் எங்கே உடைகிறது தெரியுமா? ஓடுகிறவர் காலில் அல்ல. ஓட்டத்தைப் பார்த்துப் பதறிய கேட்சர் பந்தைத் தலைக்கு மேல் எறிந்துவிடுவார். ஒரு தளம் திருட வந்தவர் மூன்றாவது தளத்தில் போய் நின்று இடுப்பில் கை வைத்துக்கொள்வார்.

அதனால் அங்கே பயிற்சியாளர்கள் பிடிக்கிறவர்களுக்குச் சொல்லித் தருவது, எறிவதைக் குறை என்பது. இரண்டு தளங்களுக்கு நடுவே ஒருத்தி மாட்டிக்கொண்டால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே அவளை நோக்கி ஓடு. அவள் கிளம்பிய தளத்தின் பக்கமே விரட்டு. ஒரே ஓர் எறிதல் போதும். எறியும் தடவை கூடக்கூடத் தப்பும் கூடும். நம் கார்னரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சாஃப்ட்பாலில் ஓடுகிறவருக்குப் பத்திரமான இடம் முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது. கபடி ரைடருக்குப் பின்னால் மட்டும்தான். ஆகவே அங்கே துணிச்சல் என்றால் முன்னே போவது. இங்கே திரும்பி வருவதைக் கணக்கில் வைத்துப் போவது.

அங்கேயும் திரும்ப வேண்டி வருகிற நேரம் உண்டு, அப்போது ஆட்டத்தில் சுவை கூடிவிடும். 2021 ஜூலை 27, யோகோஹாமா. டோக்கியோ ஒலிம்பிக்கின் சாஃப்ட்பால் இறுதிப் போட்டியில் ஜப்பானும் அமெரிக்காவும். ஆறாவது இன்னிங்ஸில் அமெரிக்க வீராங்கனை விளாசிய பந்து தரை தொடாமல் மூன்றாம் தளக்காரியின் கையில் பட்டுத் தெறித்தது. தெறித்த பந்தை நிலம் படுமுன் ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற மானா அட்சுமி ஏந்திக்கொண்டார். அடித்தவர் அவுட். தளம்விட்டுக் கிளம்பியிருந்த அமெரிக்க ஓட்டக்காரி திரும்புவதற்குள் பந்து இரண்டாம் தளத்துக்குப் போய்விட்டது, அவரும் அவுட். ஜப்பான் 2–0. அட்சுமியின் கையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அவர் நின்ற நிலைதான் பிடித்தது. பந்து போன திசையில் பாய்ந்துவிடாமல், தன் இடத்தில் கால் ஊன்றி இருந்ததால்தான் தெறித்தது அவரிடம் வந்தது.

எழுமலைக்கே திரும்புவோம். கார்னரையும் கவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கைகளைச் சொல்ல வேண்டும். சங்கிலி என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கை கோத்து நிற்பதாகத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் அது விரல்களின் கொக்கி. உள்ளங்கையை இறுகப் பற்றினால் தேவைப்படும்போது விடுபட முடியாது; வியர்வையில் வழுக்கவும் செய்யும். நாலு விரலை மடித்து நாலு விரலில் மாட்டியிருப்பார்கள், கட்டைவிரல் சும்மா இருக்கும். பழகிய ஜோடி பேசுவதே இல்லை. ரைடர் ஆழம் வருகிறான் என்றால் ஒருவன் விரலை லேசாக அழுத்துவான், மற்றவன் கால் நகரும். அண்ணன் தம்பியாகவோ ஒரே வகுப்புப் பையன்களாகவோ இருந்துவிட்டால் இந்த விரல் பேச்சைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். புதிதாகச் சேர்த்துவிட்ட ஜோடி ‘வர்றான் வர்றான்’ என்று கத்திக்கொண்டேயிருக்கும். ரைடர் காதிலும் அது விழத்தானே செய்யும்?

சங்கிலியை உடைக்கப் பெரிய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு வித்தை வைத்திருந்தார்கள். பர்தீப் நர்வால் அதன் அடியில் முங்கிப் போவார், டுப்கி என்றே அதற்குப் பெயர். தமிழ் தலைவாஸ் அணி 2017இல் புரோ கபடியில் களமிறங்கியபோது தலைவராக இருந்த அஜய் தாக்குர் மேலே தாவுவார், தவளைத் தாவல். பையன்கள் யூடியூபில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்து மண் களத்தில் முயன்று பார்ப்பார்கள். டுப்கிக்கு முங்கினவன் முகமெல்லாம் மண்ணோடு எழுந்திருப்பான். மேட் விரித்த களத்தில் வழுக்கிக்கொண்டு போகிற உடம்பு மண்ணில் பாதியில் நின்றுவிடும் என்பதை ஒரு தடவை விழுந்தால்தான் நம்புவார்கள்.

லாபிக்கு வருகிறேன். ஆட்டத்தின் இன்னொரு நுட்பம் அதில் இருக்கிறது. ரைடர் யாரையாவது தொடும்வரை, அல்லது யாராவது அவனைப் பிடிக்கும்வரை, அந்த ஒரு மீட்டர்ப் பட்டை இருவருக்கும் ஆகாத நிலம். தொட்ட மறுகணம் திறந்துவிடும். 8 மீட்டர்க் களம் 10 மீட்டராகும். ஆக, முதல் தொடுதல் ஒரு புள்ளியை மட்டும் தருவதில்லை, ஓடித் தப்ப நிலத்தையும் தருகிறது. விவரமான ரைடர் கார்னரை ஓரத்துக்கு இழுப்பான், இழுப்பான், தொடவே மாட்டான். ஆவேசத்தில் கார்னரின் கால் லாபிக்குள் விழுந்துவிடும். யாரும் யாரையும் தொடவில்லை; நடுவர் கையைத் தூக்குகிறார். அப்போது அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும். தப்பு என்ன என்று அவனுக்குப் புரிய ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்து விநாடி போதும், அவன் அடுத்த ஆட்டத்தில் தேறிவிடுவான்.

களத்தில் மூன்று பேராகக் குறைந்துவிட்டால் நிலைமை தலைகீழ். மூவரோ அதற்குக் கீழோ இருக்கும்போது ரைடரை அடக்கினால் இரண்டு புள்ளி, சூப்பர் டேக்கிள். ஆளில்லாத அணிக்கு விதி கொடுக்கும் ஆறுதல். இப்போது அவசரப்படுகிறவன் ரைடர். மிச்சமிருப்பவர்களையும் துடைத்தெடுத்தால் ஆல் அவுட்டுக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி என்ற ஆசையில் ஆழமாகப் போவான். கார்னர் பின்வாங்கி, பின்வாங்கி, கடைசிக் கோடுவரை போய் நிற்பான். கிட்டத்தட்ட விட்டுக்கொடுத்த மாதிரி. அப்புறம்தான் பிடி.

பிடி விழுந்த பிறகும் முடியவில்லை. நாலு பேர் மேலே கிடக்க, அடியிலிருந்து ஒரு கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீளும். விரல்நுனி சுண்ணாம்பைத் தொட்டுவிட்டால் மேலே கிடக்கிற நாலு பேரும் வெளியே. அந்தக் கையை மண்ணில் அழுத்திப் பிடிக்க ஐந்தாவது ஆள் பாய்வான். பாட்டு இன்னும் கேட்கிறதா என்று நடுவர் மண்டியிட்டுக் காதைக் கொடுப்பார். வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்தக் கூடாது. முடியையோ துணியையோ பிடிக்கக் கூடாது. இந்த நெருக்கடியில் மைக்காரர் மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டால் நமக்கும் பாட்டு கேட்கும். எந்த ஊரிலும் மூடுவதில்லை.

பெண்பிள்ளைகள் ஆட்டத்துக்குக் களம் 12க்கு 8. இடம் குறையக் குறைய நயம் கூடுகிறது என்று எனக்குத் தோன்றும். ரைடுக்கு நீண்ட ஓட்டம் கிடையாது, கார்னருக்கு ஒதுங்க இடம் கிடையாது; எல்லாம் கணுக்காலுக்கும் கண்ணுக்கும் நடுவில் நடந்துவிடும். கிராமத்து இரவுப் போட்டிகளில் அவர்கள் ஆட்டத்தைச் சாயங்காலமே, கூட்டம் சேருமுன் நடத்தி முடித்துவிடுகிறார்கள். நல்ல ஆட்டத்தை ஆளில்லாத நேரத்தில் வைக்கிற இந்த வழக்கத்தை விழாக் குழுக்கள் மாற்றலாம்.

காத்திருக்கத் தெரிந்த பிடிகாரனுக்கு வயது ஒரு பொருட்டில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், கார்னர். 1975இல் பிறந்தவர். 2016இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பாட்னா பைரட்ஸுக்குத் தலைமை ஏற்றுப் புரோ கபடிப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாதில் ஈரானை 38–29 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். கூட ஆடியவர்கள் எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. கால் வேகத்தை மட்டும் நம்பிய ரைடர் எவரும் அந்த வயதுவரை நிற்பது கஷ்டம்.

அடுத்த தடவை உங்கள் ஊரில் கபடி நடந்தால், ஒரு பாதி ஆட்டத்துக்கு மட்டும் ரைடரை விட்டுவிடுங்கள். களத்தின் பக்கவாட்டில் உட்காராமல், கடைசிக் கோட்டுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்காருங்கள். அங்கே கூட்டமும் இருக்காது. இடது கார்னரின் குதிகாலைப் பாருங்கள். அது தரையைவிட்டு எழாத ஒரு பையன் தென்பட்டால், ஆட்டம் முடிந்ததும் அவனிடம் போய் ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட்டு வாருங்கள். மைக்கில் அவன் பெயர் வந்திருக்காது.